பெட்டிக்குள் இருப்பவர் யார்?

பலிபீடத்தில் தீ மூட்ட வேண்டும். சற்று நேரத்தில் கோவிலின் கதவுகள், தொடுவாரும் தள்ளுவாருமின்றித் தாமே திறந்துகொள்ளும். தீ அணைந்தால் தாமே மூடிக்கொள்ளும். ஏறத்தாழ 1,900 ஆண்டுகட்கு முன், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் பொறிவல்லுநன் எழுதிவைத்த அமைப்பு இது. மந்திரம் ஏதுமில்லை, மாயம் ஏதுமில்லை. பீடத்துக்குள் அடைபட்ட காற்று, சூடேறி விரிகிறது. விரிந்த காற்று, கீழே மறைத்து வைத்த கலத்திலுள்ள நீரைத் தள்ளுகிறது. நீர் வாளியில் நிறைகிறது. வாளி கனத்துக் கீழிறங்க, அதனோடு பிணைத்த கயிறு கதவின் அச்சைச் சுழற்றுகிறது. காசு போட்டால் அளவாகத் தீர்த்தம் வார்க்கும் பொறியையும் அவன் விளக்கி எழுதியிருக்கிறான்!

வியந்து போற்றத்தக்க அறிவு அது. ஐயமில்லை. ஆனால் அப்படியொரு கதவின்முன் இருவர் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். கீழறையில் கயிறும் வாளியும் இருப்பது பூசாரிக்குத் தெரியும். மேலே நிற்கும் பக்தனுக்குக் கதவு திறந்தது மட்டுமே தெரியும். தெரிந்தவன் காணிக்கை வாங்குவான். தெரியாதவன் காணிக்கை கொடுப்பான். பொறியில் பொய் இல்லை. பொறியை மறைத்த இடத்தில்தான் பொய் பிறக்கிறது.

நூற்றாண்டுகள் உருண்டன. 1770-இல் வியன்னா நகரில், மரியா தெரசா அரசியின் அவையில், வோல்ஃப்காங் ஃபொன் கெம்பெலென் என்பவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டியின் பின்னே துருக்கியர் உடையணிந்த பொம்மை. பெட்டியின்மேல் சதுரங்கப் பலகை. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். உள்ளே பற்சக்கரங்கள், உருளைகள், கம்பிகள்! ஆளில்லை என்று அவையோர் உறுதி கொண்டனர். சாவி முடுக்கினார், பொம்மை கையை உயர்த்தியது, காயை நகர்த்தியது, ஆடியது, வென்றது. 1809-இல் நெப்போலியனும் அதனோடு ஆடித் தோற்றான். 1854-இல் பிலடெல்பியா நகரில் தீக்கிரையாகும்வரை, 84 ஆண்டுக்காலம், இரு கண்டங்கள் அப்பொம்மையைக் கண்டு வாய்பிளந்தன.

உள்ளே இருந்தது என்ன? மனிதன்! சதுரங்கத்தில் தேர்ந்த மனிதன். ஒரு கதவு திறக்கும்போது மறுபக்கம் சறுக்கி ஒளிந்து, உடலைக் குறுக்கி, மெழுகுவத்தியின் ஒளியில், அதன் புகையையும் வெப்பத்தையும் பொறுத்துக்கொண்டு ஆடினான் அவன். ஆடியவன் அவன், புகழ் பொம்மைக்கு, பணம் பொம்மையின் உடைமையாளருக்கு!

பெட்டியைத் திறந்து காட்டியதே மறைப்பதற்காகத்தான் என்பதை நண்பர்கள் உன்னிப் பார்க்க வேண்டும். பற்சக்கரத்தைக் காட்டி மனிதனை மறைத்தனர். சிலையின் பின்னே ஒளிந்து நின்று அருள்வாக்குச் சொல்பவனுக்கும், இந்தப் பெட்டிக்குள் ஒளிந்து காய் நகர்த்தியவனுக்கும் என்ன வேறுபாடு? மனிதன் ஆக்கிய பொருளிலிருந்து மனிதனை மறைத்துவிட்டால், பொருள் தெய்வமாகிறது. தெய்வமானபின் அதனைக் கேள்வி கேட்பது பாவமாகிறது. கேள்வி பாவமானபின் காணிக்கை வசூல் எளிதாகிறது. பழைய உலகின் கதை இது. இன்றைய உலகின் கதையும் இதுவே.

இன்று தெய்வம் பீடம் மாறியிருக்கிறது. "ஆண்டவன் எழுதிய எழுத்து" என்று அன்று சொன்ன அதே குரலில், "கணிப்பொறி காட்டுகிறது, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள் அலுவலகங்களில். செயற்கை நுண்ணறிவு என்னும் புதுத் திருநாமம் பங்குச் சந்தையில் ஒலிக்கிறது; நாளிதழ்களில் ஒலிக்கிறது; அமைச்சர்களின் மேடைகளில் ஒலிக்கிறது. அது நோயைத் தீர்க்குமாம், வறுமையை ஒழிக்குமாம், நீதி வழங்குமாம், மனிதனைவிட நன்றாகச் சிந்திக்குமாம்! எப்படி என்று கேட்டால், "உமக்குப் புரியாது" என்கிறார்கள். உமக்குப் புரியாது! எத்தனை நூற்றாண்டுகளாக இந்த மறுமொழியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம்! வேதம் ஏன் எங்கள் செவிக்கு எட்டலாகாது என்று நம் முன்னோர் கேட்டபோதும் இதைத்தானே சொன்னார்கள்?

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறோம். நாம் இயந்திரத்தின் பகைவர்கள் அல்லர். "இனிவரும் உலகம்" என்று பெரியார் எழுதியபோது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும், முகம் பார்த்துப் பேசும் சாதனம் வரும், பிள்ளைப்பேற்றுக்கு ஆண்-பெண் சேர்க்கைகூடத் தேவைப்படாது என்று கண்டு சொன்னார். நாடு முகம் சுளித்தபோது அவர் அகம் மகிழ்ந்து வரவேற்றார். ஆனால் எந்த உலகத்தில் அவை வரும் என்று அவர் சொன்னதை மறந்துவிடலாகாது. உழைப்பின் சுமை குறைந்து, பலன் எல்லார்க்கும் பொதுவாகும் உலகத்தில்! கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சமத்துவத்தை விட்டுவிட்டார்கள் இன்றைய வியாபாரிகள். நம் வழக்கு கருவியோடு அன்று, அந்த வியாபாரிகளோடு.

முதலில் அவர்களுடைய குறிசொல்லும் தொழிலைப் பார்ப்போம். மனிதன் செய்யக்கூடிய எந்த வேலையையும் இருபது ஆண்டுகளுக்குள் இயந்திரங்கள் செய்யவல்லனவாகும் என்று 1965-இல் எழுதினார் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1985 வந்தது, போயிற்று. வேலை மனிதனிடமே இருந்தது. ஊடுகதிர்ப் படம் பார்த்து நோயறியும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016-இல் சொன்னார் ஜெஃப்ரி ஹின்டன். 2021 வந்தது, போயிற்று. அந்த மருத்துவர்கள் இன்றும் மருத்துவமனைகளுக்குத் தேவைப்படுகிறார்கள். ஓட்டுநரில்லாத வாடகைக் கார்கள் பத்து லட்சத்துக்கு மேல் அடுத்த ஆண்டே சாலையில் ஓடும் என்று 2019-இல் அறிவித்தார் ஈலோன் மஸ்க். 2020-இல் ஒன்றும் ஓடவில்லை. 2025 ஜூன் மாதத்தில் ஆஸ்டின் நகரில் ஒரு சில வண்டிகளை ஓட்டத் தொடங்கியபோதும், முன்னிருக்கையில் கண்காணிப்பு ஆள் ஒருவர் அமர்ந்திருந்தார். பெட்டிக்குள் மீண்டும் மனிதன்!

அறிஞர் தவறுவதில் வியப்பில்லை. ஹின்டனும் சைமனும் தத்தம் துறையில் நோபல் பரிசு பெற்ற பெருமக்கள். நாம் சுட்டுவது வேறு. மழை பெய்யும் என்ற சோதிடன் வாக்கு பொய்த்தால், அடுத்த ஆண்டு பஞ்சாங்கத்தை நாம் காசு கொடுத்து வாங்காமலா விடுகிறோம்? அதே பழக்கம்தான் இங்கும். ஆரூடம் பொய்த்தாலும் ஆரூடக்காரனின் ஆசனம் ஆடுவதில்லை. பொய்த்த வாக்கை எண்ணுவார் இல்லை. புதிய வாக்குக்குப் பணம் கட்டுவோர் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில் பாமரர் மட்டும் நிற்பதாக எண்ணிவிடாதீர்கள். விரல்நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டே ஏராளமான சோதனைகளைச் செய்துவிடும் பொறி தம்மிடம் உண்டென்று சொல்லி, 2003-இல் தெரனோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார் எலிசபெத் ஹோம்ஸ். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் கிசிஞ்சரும் ஷுல்ட்ஸும் அதன் இயக்குநர் குழுவில் அமர்ந்தனர். 2014-இல் அந்நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்றனர். பொறியைத் திறந்து காட்டச் சொன்னால், தொழில் இரகசியம் என்றனர். 2015 அக்டோபரில் ஒரு செய்தியாளர் மூடியைத் திறந்தார். பெரும்பாலான சோதனைகள் பிற நிறுவனங்களிடம் வாங்கிய சாதாரணக் கருவிகளிலேயே நடந்து வந்தன! 2022-இல் ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 11 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். நிபுணர் பெயரும், செல்வர் பெயரும், அமைச்சர் பெயரும் சேர்ந்தாலும், ஒரு சான்றுக்கு ஈடாகா என்பதை உலகம் மறுபடியும் கற்றது. கற்றதை மறுபடியும் மறந்தது.

போகட்டும், அங்கே ஏமாந்தவர்களுள் பெரும்பணக்காரர்கள் பலர். ஏழை எளியவர் தலையில் அந்தத் தெய்வத்தின் தேர் ஏறிய வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நடந்தது. பகுத்தறிவு வழிநடக்கும் ஒவ்வோர் இளைஞரும் அறிய வேண்டிய வரலாறு அது.

அந்நாட்டின் ஊர்ப்புற அஞ்சலகங்கள் பலவற்றை, சிறு கடை வைத்திருப்போர் ஒப்பந்த அடிப்படையில் நடத்தி வந்தனர். கணக்குக் குறைந்தால் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். 1999 முதல் அவர்களது கணக்கைப் பார்க்க "ஹொரைசன்" என்னும் கணிப்பொறி ஏற்பாடு புகுத்தப்பட்டது. அமைத்தது ஃபுஜிட்சு குழுமத்து நிறுவனம். அன்றுதொட்டு அதிசயம் நிகழலாயிற்று. காலையில் எண்ணிவைத்த பணம் பெட்டியில் அப்படியே இருக்கும். கணிப்பொறியோ ஆயிரக்கணக்கில் குறைகிறது என்று காட்டும். வீட்டை விற்று ஈடுகட்டினர் சிலர். உறவினரிடம் கடன் வாங்கிக் கட்டினர் சிலர். கட்டக் கட்டக் குறை வளர்ந்தது!

உதவி கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் பலருக்கு, "இப்படிக் குறை சொல்வது நீங்கள் ஒருவர்தான்" என்ற மறுமொழி கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் அதே மறுமொழி! பிறகு வழக்கு வந்தது. அந்த அஞ்சல் நிறுவனத்துக்குத் தானே வழக்குத் தொடுக்கும் வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டுவதும் அதுவே. துப்புத் துலக்குவதும் அதுவே. வழக்குத் தொடுப்பதும் அதுவே. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் திருடர், பொய்க்கணக்கு எழுதியோர் என்று தண்டிக்கப்பட்டனர். சிறைக்குச் சென்றவர்களுள் கருவுற்றிருந்த தாயும் ஒருவர். ஊராரின் வசை, திவால், குடும்பப் பிரிவு, மனநோய்! இந்தப் பழியைச் சுமக்க முடியாமல் 13 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்று 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது.

நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்! கணிப்பொறிக் கணக்கைச் சான்றாகக் கொண்டுவருவோர், அந்தக் கணிப்பொறி ஒழுங்காக இயங்கியது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. 1999-இல் இயற்றிய சட்டத்தால் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அதன்பின், கணிப்பொறி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும்; இல்லை என்பவரே பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஊர்ப்புறத்துக் கடைக்காரர், தம் கைக்கு எட்டாத பெட்டிக்குள் இருக்கும் பிழையை எப்படிச் சுட்டிக்காட்டுவார்? வேதம் பிரமாணம், மறுப்பவன் நாத்திகன் என்று நம்மூரில் விதி செய்தவர்கள் இதைக் கண்டிருந்தால், நம் சரக்கு கடல் கடந்து நன்றாக விலைபோகிறது என்று பூரித்திருப்பார்கள்!

பெட்டிக்குள்தான் பிழை இருந்தது. பிழை மட்டுமா? மனிதரும் இருந்தனர்! அஞ்சலகம் நடத்துவோருக்குத் தெரியாமல், தொலைவிலிருந்தே அவர்களது கிளைக் கணக்குக்குள் நுழைந்து திருத்தும் வழி, ஃபுஜிட்சு ஊழியர்க்கு இருந்தது. அப்படி ஒரு வழியே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் சாதித்தது அஞ்சல் நிறுவனம். வியன்னாவில் பொம்மையின் பெட்டிக்குள் ஒளிந்தவனாவது சதுரங்கக் காய்களைத்தான் நகர்த்தினான். இங்கே நகர்ந்தவை மனிதரின் மானமும் வாழ்வும்.

இன்னொன்றும் வெளிப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தோலின் நிறத்தையும் இனத்தையும் கொண்டு வகைபிரிக்கும் ஆவணம் ஒன்றை அந்நிறுவனத்தின் துப்பறிவோர் பயன்படுத்தியது 2023-இல் அம்பலமாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இயந்திரத்துக்கு நிறம் தெரியாது, சாதி தெரியாது, அது நடுநிலையானது என்று பஜனை பாடுவோர் இதைச் சற்று எண்ணட்டும். இயந்திரத்தைச் சுற்றி நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும்!

உண்மை எப்படி வென்றது? எந்தத் தெய்வமும் இறங்கி வரவில்லை. 2009-இல் கணிப்பொறித் துறை வார இதழ் ஒன்று, பாதிக்கப்பட்டோர் சிலரின் கதையை அச்சிட்டது. "நீங்கள் ஒருவர்தான்" என்ற சொல் பொய் என்று ஒருவரையொருவர் கண்டறிந்தனர், அதே ஆண்டு ஒரு சிற்றூர் மண்டபத்தில் கூடினர், அமைப்பானார்கள். 555 பேர் சேர்ந்து வழக்காடினர். 2019 டிசம்பரில் நீதிபதி, அந்தக் கணிப்பொறி ஏற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். அதைக் குறையற்றதென்று நிறுவனம் சாதித்தது, உலகம் தட்டையானது என்று சாதிப்பதற்கு ஒப்பானது என்றும் இடித்துரைத்தார். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைகளை நீக்கியது. அப்போதும் நாடு முழுவதும் விழிக்கவில்லை. 2024 ஜனவரியில் இவர்கள் கதை தொலைக்காட்சியில் நாடகமாக வந்தது. நான்கே பகுதிகள்! மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே வீச்சில் துடைத்தது. ஏடும், மன்றமும், நாடகமும் நாட்டைத் திருத்தவல்லவை என்று கண்டு வளர்ந்த இயக்கத்தார்க்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்றே! இடையில் மாண்டவர் மீள்வரோ?

"எங்கோ இங்கிலாந்தில் நடந்ததை ஏன் இங்கே பேசுகிறீர்?" என்பார் உண்டு. இங்கேயே பார்ப்போம். உழைத்து உழைத்து விரல்ரேகை தேய்ந்த கிழவியைக் கண்டிருக்கிறீர்களா? நாற்று நட்ட விரல், கல் சுமந்த விரல், சுண்ணாம்பில் வெந்த விரல். அந்த விரலை நியாயவிலைக் கடையின் கருவி அடையாளம் காண மறுக்கிறது. நாள்தோறும் ஏடு புரட்டும் விரல் வழுவழுப்பாக இருக்கும். அதைக் கருவி ஒரே நொடியில் ஏற்றுக்கொள்ளும். உழைத்ததனால் ரேகை தேய்ந்தது. ரேகை தேய்ந்ததனால் அரிசி மறுக்கப்படுகிறது. மனுநீதி எழுதியவனுக்குக்கூடத் தோன்றாத தண்டனை இது!

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்பதால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்றாள் தாய். காய்ச்சலால் இறந்தாள் என்றனர் அதிகாரிகள். எதுவாயினும் ஆகுக. அந்த வீட்டின் அரிசியை நிறுத்தியவர் யார் என்று கேட்டால், ஒரு பெயரும் வராது, ஒரு முகமும் வராது. "பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது" என்பார்கள். தானே திறந்த அலெக்சாந்திரியாக் கதவுபோல, தானே நீங்கிவிட்டதாம்! தோழர்களே, தானே நீங்கும் பெயர் உலகில் இல்லை. நீக்கும் விதியை எழுதியவர் ஒருவர், அதற்கு ஒப்பமிட்டவர் ஒருவர், மேல்முறையீட்டுக்கு வழி வையாதவர் ஒருவர் இருந்தே தீருவார்.

இனி, எல்லாம் அறிந்ததாகப் போற்றப்படும் செயற்கை நுண்ணறிவின் பெட்டியைத் திறப்போம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது, உலகம் வியந்தது. அதன் வாயிலிருந்து ஆபாசமும் வன்கொடுமையும் வராதபடி வடிகட்ட வேண்டியிருந்தது. வடிகட்டும் வகையை அதற்குக் கற்பிக்க, மனிதர் பேசும் கொடிய சொற்களையெல்லாம் ஒருவர் படித்துத் தரம்பிரிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் கென்யா நாட்டுத் தொழிலாளர்கள். கூலி, மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் வெளியாயிற்று. அந்த நரகத்தை நாளெல்லாம் படித்து மனம் புண்பட்டவர் அவர்கள். அறிவாளிப் பட்டம் இயந்திரத்துக்கு! இப்படிச் சிதறிய மனித உழைப்பை இணையவழி வாடகைக்கு விடும் சந்தை ஒன்றை 2005-இல் அமேசான் நிறுவனம் திறந்தபோது, அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "இயந்திரத் துருக்கியன்"! கெம்பெலெனுடைய பொம்மையின் பெயரேதான். ஒளித்தவர்களே ஒப்புக்கொண்ட பெயர், நாம் சூட்டியதன்று.

அதன் அருள்வாக்கின் தரம் எத்தகையது? நியூயார்க் நகர வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்த முன் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோளாக வைத்தனர். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை! 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பொருந்தும் சொல்லுக்குப் பின் பொருந்தும் சொல்லை அடுக்கும் திறமை அதற்கு உண்டு; அடுக்கியது மெய்யா என்ற கவலை அதற்கு இல்லை. புராணிகனுக்கும் இந்தத் திறமை உண்டல்லவா? கேட்பவர் சொக்கும்படி சொல்வான். எந்த ஆண்டு, எந்த ஊர், எவர் சான்று என்றால் சினம் கொள்வான்.

புதுக் கருவி வந்தால் பழைய மடமை தானே மாயும் என்று நம்புவோரும் நம்மிடையே உள்ளனர். அந்தோ, அந்நம்பிக்கையும் மூடநம்பிக்கையே! ஓலையில் எழுதிய சாதகத்தை இன்று கணிப்பொறி கணிக்கிறது. ஒரே நொடியில் அச்சிட்டுத் தருகிறது. திருமணத் தரகனின் நைந்த நோட்டுப் புத்தகம் போய், இணையத் தளம் வந்தது. அதில் முதற் கேள்விகளுள் ஒன்று சாதி, அடுத்து உட்சாதி! 2017-இல் புனே நகரில் பிள்ளையார் சிலைக்கு இயந்திரக்கை தீபாராதனை காட்டிற்று. நிலவுக்குக் கலம் அனுப்பும் விஞ்ஞானிகளே, 2023 ஜூலையில், கலத்தின் சிறு உருவத்தை ஏந்தித் திருப்பதி மலையேறினர். வண்டி புதிது, பயணி பழையவன்! கருவி அறிவைத் தராது. கேள்விதான் அறிவைத் தரும்.

அந்தக் கலம் நிலவில் இறங்கியதில் நமக்குப் பெருமையே. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது, அத்திட்டத்தை இயக்கியவர் விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் என்றறிந்து தமிழகம் பூரித்தது. வேண்டுதல் இறக்கிய கலமன்று அது. கணக்கு இறக்கிய கலம். 2019-இல் விழுந்து நொறுங்கிய முன்னைய கலத்தின் தவறுகளை மறைக்காமல் ஆராய்ந்து, திருத்தி, மீண்டும் சோதித்ததன் வெற்றி. விஞ்ஞானத்தின் உண்மை முகம் இதுவே.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, இரண்டு மாதம் நிறையுமுன், இந்திய உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு வழங்கியது. சாக்கடைக் குழிக்குள் இறங்கி மாள்வோரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது அத்தீர்ப்பு. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம், 2014-இல் ஒரு தீர்ப்பு. இத்தனைக்கும் பிறகும் மனிதன் குழிக்குள் இறங்குகிறான். நிலவின் தென்முனைக்கு இயந்திரம் போகிறது. தெருமுனைக் குழிக்கு மனிதன் போகிறான்! குழிக்கேற்ற இயந்திரம் செய்ய அறிவில்லையா? இருக்கிறது, செய்தும் இருக்கிறார்கள். பிறகேன் வரவில்லை? இறங்குபவன் எந்தச் சேரியில் பிறந்தவன் என்று பாருங்கள், விடை கிடைக்கும். எந்த உயிரை மலிவென்று சமுதாயம் கருதுகிறதோ, அந்த உயிருக்குப் பதிலாக இயந்திரம் வாங்க அது பணம் செலவிடாது. எழுதுவோன், வரைவோன், பாடுவோன் வேலையைப் பறிக்க ஆயிரம் கோடி டாலர்கள் புரள்கின்றன. மலக்குழியில் மாள்பவனின் வேலையைப் பறிக்க நகராட்சிக்கு நிதியில்லை! மனிதகுல விடுதலை என்று விளம்பரம் செய்வோர், இந்த ஒரு வேலையை முதலில் பறித்துக் காட்டட்டும். நாமே மாலையிட்டு வரவேற்போம்.

"முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறீர்கள்" என்று சிலர் நம்மீது பாய்வார்கள். யார் நிற்கிறார்கள் குறுக்கே? 1997-இல் டீப் புளூ என்னும் கணிப்பொறி, உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவைத் தொடராட்டத்தில் வென்றது. உள்ளே ஆளில்லை, ஒளிவில்லை, ஒவ்வொரு நகர்த்தலும் உலகறிய நடந்தது. அதைச் செய்த பொறியாளர்களுக்கு நாம் கைதட்டுகிறோம். பெரியம்மைக்குத் தடுப்பூசி வந்தது; மாரியாத்தாள் கோபம் என்று வேப்பிலை கட்டிய நாட்டிலும் குத்தப்பட்டது; 1980-இல் அந்நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சோதனைக்கு உட்பட்டு, சான்று காட்டி, பலனை ஊருக்கெல்லாம் பகிர்ந்த விஞ்ஞானம் அது. அதன் பெயரைத் திருடிக்கொண்டு, சோதனைக்கு மறுத்து, சான்றை ஒளித்து, பலனைப் பத்துப்பேர் பையில் போடுவது வியாபாரம். விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நிற்பது அந்த வியாபாரமே.

ஆகவே இளைஞர்களே, ஒரு புதுப் பொறியைக் காட்டி யாராவது உங்களைக் கைகூப்பச் சொன்னால், கூப்புமுன் நான்கு கேள்வி கேளுங்கள். பெட்டிக்குள் இருப்பவர் யார். அவருக்குக் கூலி என்ன? சொன்னது நடக்கும் என்பதற்குச் சான்று எங்கே. அதைச் சோதித்தவர் விற்பவரைச் சாராதவரா? பலன் எவர் பையில் சேரும். பாரம் எவர் முதுகில் ஏறும்? தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கும் மனிதர் யார். அவரிடம் முறையிடும் வழி என்ன?

இந்நான்குக்கும் நேரான விடை தரும் கருவியை இரு கைநீட்டி ஏற்றுக்கொள்வோம். கற்போம், கற்பிப்போம், நம் சேரிக்கும் சிற்றூருக்கும் கொண்டுசேர்ப்போம். கேள்வியைக் கண்டு முகம் சுளிக்கும் கருவியை, அது கண்ணாடிப் பெட்டியில் வந்தாலும், காசிப் பட்டில் வந்தாலும், பழைய பூசாரியின் புதிய பிள்ளை என்றே கொள்வோம்.

அடுத்த முறை அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ, "கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது" என்று ஓர் ஏழையைத் திருப்பி அனுப்பக் கண்டால், வாளாவிருக்காதீர்கள். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எந்த விதிப்படி என்று கேளுங்கள். மேல் அதிகாரி யார் என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "நீங்கள் ஒருவர்தான்" என்று அவர்கள் சொல்வார்கள். இல்லை, இருவர் இருக்கிறோம் என்று சொல்லுங்கள்!